பாலைவனத்தில் குழுவாகக் கல் சேகரிக்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

தென் கலிபோர்னியாவிலோ அரிசோனாவிலோ குடியேறியிருக்கும் நம்மவர்கள் பலருக்கு, இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்தில் அகேட், ஜாஸ்பர் போன்ற வண்ணக் கற்களும், உள்ளே படிகம் இருக்கும் உருண்டைக் கற்களான ஜியோடுகளும் சும்மா தரையில் கிடக்கின்றன என்பதே தெரியாது. தெரிந்தவர்களும் எங்கே தொடங்குவது என்று புரியாமல் விட்டுவிடுகிறார்கள். தகவல் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் முக்கியக் காரணம். கொஞ்சம் அரசாங்கத் தளத்தில், கொஞ்சம் பழைய வழிகாட்டிப் புத்தகங்களில், மீதி நாற்பது வருடமாகக் கல் பொறுக்கும் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. இதையெல்லாம் துண்டு துண்டாகச் சேர்க்க நான் பட்ட பாட்டை நீங்கள் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லைக் கண்டுபிடிப்பது இதில் சுலபமான பகுதி. எந்த நிலத்தில் நிற்கிறோம், அது யாருடையது, அங்கே எவ்வளவு எடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதில்தான் முக்கால்வாசி வேலை. அதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

1. முதலில் ஒரு கிளப்பில் சேருங்கள்

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து நேராகக் கிளம்பிவிடலாம் என்று தோன்றும். முதல் முறை அப்படிப் போகாதீர்கள். கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் பெரிய ஊர்களில் எல்லாம் கல், கனிம ஆர்வலர் சங்கங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவில் பெரும்பாலானவை மாநிலக் கூட்டமைப்பில் சேர்ந்தவை, அதற்கு மேல் அமெரிக்கக் கனிமவியல் சங்கங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. சந்தா பெரும்பாலும் ஆண்டுக்கு 20 முதல் 50 டாலருக்குள் இருக்கும், குடும்பச் சந்தா என்றால் சற்றுக் கூடுதல். மாதத்துக்கு ஒரு கூட்டம், குளிர்காலம் முழுவதும் களப்பயணங்கள். பல கிளப்புகளில் கல் அறுக்கும் பட்டறையும் உண்டு. அதன் அருமை கடைசிப் பகுதியில் புரியும்.

களப்பயணத்துக்குப் பதிவு செய்தவுடன் ஒரு பொறுப்புத்துறப்புப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். கிளப்புக்குப் பொறுப்புக் காப்பீடு இருப்பதால் உறுப்பினர் அல்லாதவர்களைச் சேர்க்கப் பலர் தயங்குவார்கள். ஆகவே "மச்சானையும் கூட்டி வரேன், கடைசி நேரத்துல சொல்றேன்" என்ற கதை இங்கே நடக்காது. வருபவர் ஒவ்வொருவரின் பெயரையும் பயணத் தலைவருக்கு முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள்.

நீங்களே ஒரு தமிழ்க் குழுவைச் சேர்த்து அழைத்துப்போகிறீர்கள் என்றால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பொது நிலத்தில் உண்மையான செலவைப் பங்கு போட்டுக்கொள்வது தவறில்லை. அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் அது வணிகப் பயணமாகிவிடும், சிறப்பு அனுமதி வாங்கியாக வேண்டும். காசு வாங்காவிட்டாலும் கூட்டம் பெரிதென்றால் அனுமதி தேவையா என்று அந்த நிலத்தை நிர்வகிக்கும் துறையின் வட்டாரக் கள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு வண்டி போகும் பயணம் என்றால் இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே கேட்பது நல்லது.

2. தேதி

நவம்பர் முதல் மார்ச் வரை. அவ்வளவுதான். மே முதல் செப்டம்பர் வரை கொலராடோ ஆற்றங்கரைப் பாலைவனத்தில் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் திடீர் மழை வேறு: எங்கோ மலையில் பெய்த மழைக்கு நீங்கள் நிற்கும் வறண்ட ஓடையில் வெள்ளம் வரும். கோடையில்தான் விடுமுறை கிடைக்கிறது என்றால் வடமேற்கு நெவாடாவின் வர்ஜின் பள்ளத்தாக்குக்குப் போங்கள். ராயல் பீகாக் போன்ற ஓபல் சுரங்கங்கள் அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு தோண்ட விடுகின்றன.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். காலை எட்டு மணிக்கு ஹவுஸர் ஜியோடு வயல்கள் போன்ற ஆற்றங்கரைப் பாலைவன இடத்தில் கூட வேண்டும் என்றால் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து விடிவதற்கு வெகு முன்பே கிளம்ப வேண்டும், இல்லையென்றால் முந்தைய இரவே அருகிலுள்ள எல்லையோரக் கலிபோர்னிய ஊரான பிளைத்தில் தங்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரிசோனாவில் இருக்கும் குவார்ட்ஸைட் ஊரில் பெரிய கல் சந்தைகள் நடக்கும். அப்போது சுற்றுவட்டாரத்தில் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறியிருக்கும்.

அப்புறம் நேர வித்தியாசம். அரிசோனா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் குளிர்காலத்தில் குவார்ட்ஸைட்டில் மணி ஒன்பது என்றால் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிளைத்தில் எட்டு. கூடும் இடம் எல்லைக்கு அருகில் இருந்தால், சொன்ன நேரம் எந்த மாநிலத்து நேரம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லையோரத்தில் செல்பேசி இந்தக் கோபுரத்துக்கும் அந்தக் கோபுரத்துக்கும் தாவித் தாவி மணியை மாற்றிக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

3. நிலம் யாருடையது?

இதில் பொறுமையாக இருங்கள், அவசரப்படுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

நாம் கல் எடுக்கப் போகும் நிலம் பெரும்பாலும் பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் கூட்டரசு நில மேலாண்மைத் துறையின் கையில் இருக்கும் பொது நிலம். அங்கே சொந்த உபயோகத்துக்கு, நியாயமான அளவில், கைக்கருவி மட்டும் வைத்து, கல்லும் கனிம மாதிரியும் எடுக்கலாம். அனுமதிச் சீட்டோ கட்டணமோ தேவையில்லை. விற்பதற்கு எடுக்கக்கூடாது.

தேசியப் பூங்காக்களில் ஒரு கூழாங்கல்கூட எடுக்கக்கூடாது. ஜோஷுவா ட்ரீ, டெத் வேலி, மொஜாவே தேசியக் காப்பகம், அரிசோனாவின் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், எல்லாவற்றுக்கும் இதே விதி. இவற்றில் பலவற்றுக்குப் பல இடங்களில் வேலி கிடையாது. மண் பாதையில் போகும்போது எல்லை கடந்ததே தெரியாது.

அரிசோனாவில் மாநில அறக்கட்டளை நிலம் என்று ஒன்று பரந்து கிடக்கிறது. பார்க்க பி.எல்.எம். நிலம் போலவேதான் இருக்கும். அதற்குள் நுழையவே தனி அனுமதிச் சீட்டு வேண்டும், அந்தச் சீட்டும் கல் எடுக்கும் உரிமையைத் தராது. கொலராடோ ஆற்றோரம் இருக்கும் பழங்குடியினரின் ஒதுக்கு நிலங்களில் அவர்கள் அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள்.

ராணுவ நிலம் இதைவிட ஆபத்தானது. லாவிக் ஜாஸ்பர் கிடைக்கும் பிஸ்கா எரிமலைவாய்ப் பகுதிக்குத் தெற்கே கடற்படைக் காலாட்களின் பெரிய பயிற்சித் தளம் இருக்கிறது. ஹவுஸர் ஜியோடு வயல்களுக்குப் போகும் வழியில் பிராட்ஷா பாதைக்குத் தெற்கே சாக்லேட் மலைக் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம். வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இருக்கலாம். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி ஒரு அடி கூட வைக்க வேண்டாம், பலகைக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நல்ல கல் தெரிந்தாலும்.

கடைசியாகச் சுரங்க உரிமைக் கோரிக்கைகள். நிலம் பி.எல்.எம். உடையதாகவே இருக்கும், ஆனால் அதிலுள்ள கனிமம் கோரிக்கை பதிந்தவருக்குச் சொந்தம். மூலையில் நட்ட கம்பம், குவித்து வைத்த கற்கள், அதோடு சேர்த்துக் கட்டிய டப்பாவுக்குள் ஒரு காகிதம், இதெல்லாம் அடையாளம். ஆனால் கம்பம் விழுந்து கிடந்தாலும் கோரிக்கை உயிரோடு இருக்கலாம். பி.எல்.எம்.மின் கனிம, நிலப் பதிவேட்டுத் தளத்தில் தேடிப் பார்க்கலாம், செலவில்லை. எங்களோடு வந்த ஒருவர் பழைய புத்தகத்தில் இருந்த வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நல்ல இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே உரிமையாளர் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார், அன்பாகத்தான் பேசினார், ஆனால் வாளியில் இருந்த அத்தனையையும் திரும்பக் கொட்டிவிட்டுத்தான் வந்தோம். புத்தகம் அச்சான வருடத்தை முதலில் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: நில உரிமையைக் காட்டும் அடுக்கு உள்ள வரைபடச் செயலி ஒன்றைச் செல்பேசியில் போட்டு (கையா, ஆன்எக்ஸ் இரண்டிலும் இருக்கிறது), போகும் பகுதியை வீட்டு வைஃபையிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் இருக்காது. பி.எல்.எம். வரைபடங்களில் மஞ்சள் பி.எல்.எம். நிலம், வெளிர்நீலம் மாநில நிலம், வெள்ளை தனியார், ஆரஞ்சு பழங்குடியினர் நிலம், இளஞ்சிவப்பு ராணுவம். செயலிகளில் நிறம் கொஞ்சம் மாறலாம், விளக்கப் பட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் மட்டும் நில்லுங்கள்.

பிறகு, கிளம்புவதற்கு முந்தைய வாரம் பி.எல்.எம். கள அலுவலகத்துக்கு ஒரு ஃபோன். வார நாட்களில்தான் எடுப்பார்கள். 2016 பிப்ரவரியில் மொஜாவே டிரெயில்ஸ், 2025 ஜனவரியில் சக்வாலா என்று இந்த வட்டாரத்தில் பெரிய நிலப்பரப்புகள் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. நிலம் பி.எல்.எம். கையிலேயே இருந்தாலும் மேலாண்மைத் திட்டம் வரும்போது கல் எடுக்கும் விதி மாறலாம். போன வருடம் எடுத்தோம் என்பது இந்த வருடத்துக்குப் பதில் ஆகாது. ஃபோனில் பேசியவர் பெயர், தேதி, சொன்ன பதில் மூன்றையும் குறித்து வையுங்கள்.

4. எவ்வளவு எடுக்கலாம்?

கல்லாகிப்போன மரத்துக்கு அளவு திட்டவட்டமாக இருக்கிறது: ஒருவர் ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூட ஒரு துண்டும், ஆண்டுக்கு மொத்தம் 250 பவுண்டு. 250 பவுண்டுக்கு மேற்பட்ட ஒரே பெரிய துண்டைத் தூக்க நாலு பேர் தங்கள் பங்கைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. மற்ற கற்களுக்கு 'நியாயமான அளவு' என்றுதான் விதி சொல்கிறது. பல கிளப்புகள் அதற்கும் இதே 25 பவுண்டைக் கணக்காக வைத்துக்கொள்கின்றன, நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 25 பவுண்டு என்றால் பதினொரு கிலோவுக்குச் சற்று மேல், ஐந்து கேலன் வாளியில் பாதிகூட வராது. குவார்ட்ஸைட்டுக்குத் தெற்கே கோஃபா வனவிலங்குக் காப்பகத்தில் கிரிஸ்டல் ஹில் என்ற ஒரு பகுதியில் மட்டும் படிகக்கல் எடுக்கலாம்: பன்னிரண்டு மாதத்தில் 10 கல் அல்லது 10 பவுண்டு, எது முதலில் வருகிறதோ அது. அங்கே தோண்டவே கூடாது, மேலே கிடப்பதைக் கையால் எடுப்பது மட்டும்தான். நியூ மெக்ஸிகோவில் டெமிங் அருகே ராக்ஹவுண்ட் மாநிலப் பூங்காவில் 15 பவுண்டு வரை எடுக்க விடுகிறார்கள். ஒரு மாநிலப் பூங்கா இப்படி அனுமதிப்பது அபூர்வம், குழந்தைகளோடு போக அருமையான இடம்.

எலும்புப் புதைபடிவம், அதாவது முதுகெலும்புள்ள விலங்கின் எந்தத் துண்டாக இருந்தாலும், தொடக்கூடாது. பழங்குடியினரின் அம்புமுனை, பானை ஓடு, அரைக்கும் கல் எதையும் எடுக்கக்கூடாது. படம் எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கு இதை வண்டியில் போகும்போதே சொல்லிவிடுங்கள். அம்புமுனையைக் கண்டெடுத்த பிள்ளையிடம் திரும்ப வைக்கச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

எந்த அமெரிக்க வழிகாட்டியிலும் இது இருக்காது, நமக்குத்தான் இது முக்கியம். மெக்ஸிகோ எல்லையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் நெடுஞ்சாலைகளிலும் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு, யூமாவுக்கு வடக்கே 95 ஆம் நெடுஞ்சாலையில் ஒன்று இருக்கிறது. குடியுரிமை இல்லாத, 18 வயது நிறைந்தவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு இருந்தால் அசல் அட்டை. ஹெச்-1பி, ஹெச்-4 என்றால் பாஸ்போர்ட்டும், அரசாங்கத் தளத்திலிருந்து அச்சிட்ட ஐ-94 வருகைப் பதிவும். ஐ-94 அச்சிடக் காசில்லை, அதற்குக் காசு கேட்கும் தளங்கள் இருக்கின்றன, ஏமாறாதீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிறீர்கள் என்றால் அவர்களுடைய பாஸ்போர்ட்டும் ஐ-94 உம் மறக்கவே கூடாது. "கல் பொறுக்கத்தானே போறோம்" என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் சாவடியில் நின்ற நேரம் முழுக்க வியர்த்துப் போனார். வயதானவர்களுக்கு அந்தப் பதற்றத்தைக் கொடுக்க வேண்டாம்.

கலிபோர்னியாவில் இரவு தங்கி அடுப்பு மூட்டினால், அது சின்ன கேஸ் அடுப்பாக இருந்தாலும், தீ அனுமதிச் சீட்டு வேண்டும். இணையத்தில் சிறிய தேர்வு ஒன்றை முடித்தால் இலவசமாகவே கிடைக்கும், அந்த வருட முடிவு வரை செல்லும். பெரும்பாலான பி.எல்.எம். நிலத்தில் 14 நாள் வரை சும்மாவே கூடாரம் அடிக்கலாம். ஆனால் ஹவுஸர் வயல்களுக்குப் போகும் வழியிலுள்ள வைலீஸ் வெல், கூன் ஹாலோ முகாம்கள் நீண்டகாலத் தங்கல் பகுதிக்குள் வருகின்றன. அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் உண்டு. பல ஆண்டுகளாக 14 நாளுக்கு 40 டாலர், பருவம் முழுவதற்கும் 180 டாலர் என்றுதான் இருந்தது. ஃபோன் செய்யும்போதே இப்போதைய தொகையையும் கேட்டுவிடுங்கள்.

குவார்ட்ஸைட்டிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்பும்போது பிளைத்தில் விவசாயச் சோதனைச் சாவடி வரும். கல்லைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், பழத்தைப் பற்றிக் கேட்பார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை எதுவும் மிச்சம் வைக்காதீர்கள்.

6. வண்டி

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பிளைத் ஏறக்குறைய 225 மைல். சிரியாகோ சம்மிட்டில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்கு அடுத்து நம்பக்கூடியது பிளைத்தான், இடையில் ஏறக்குறைய 65 மைல். வைலீஸ் வெல் சாலை பிளைத்துக்கு 17 மைல் முன்பாகவே பிரியும், அந்தத் திருப்பத்திலேயே ஓய்விடம் உண்டு. குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கடைசிக் கழிவறை அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள சிறைச்சாலை வரை தார்ச்சாலை, அப்புறம் மண் சாலை. முகாம் வரை சாதாரண கார் மெதுவாகப் போகும். ஜியோடு வயல்களுக்குள் போகத் தரையிலிருந்து உயரமான வண்டி வேண்டும். மணல் ஓடையில் நான்கு சக்கர இயக்கம் இருந்தால் நிம்மதி.

வாடகை வண்டியில் போகலாமா என்று கேட்பார்கள். ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்று பெரும்பாலானவற்றில் எழுதியிருக்கும், ஓட்டிப் பழுதானால் நீங்கள் வாங்கிய காப்பீடும் கைவிரித்துவிடும். சொந்த வண்டிக்கும் சாலை உதவி அட்டை மண் பாதைக்குள் செல்லாமல் போகலாம். பாலைவனத்துக்குள்ளிருந்து இழுத்துவரும் கட்டணம் ஆயிரம் டாலரைத் தாண்டிவிடக்கூடும். ஆகவே குழுவில் உயரமான வண்டி வைத்திருப்பவரோடு சேர்ந்து போய்ப் பெட்ரோலைப் பங்கிட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கிளப்புகளில் இதற்குத் தயங்காமல் இடம் கொடுப்பார்கள்.

முழு அளவு மாற்றுச் சக்கரம், காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர், மண்வாரி, இழுக்கும் பட்டை. மணலில் சக்கரக் காற்றை 20, 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் வண்டி மிதந்து போகும், தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும். வண்டிகளுக்குள் பேச எஃப்.ஆர்.எஸ். வாக்கி-டாக்கிக்கு உரிமம் தேவையில்லை. இன்னும் தூரம் எட்டும் ஜி.எம்.ஆர்.எஸ். க்கு 35 டாலர் உரிமம், பத்து வருடம் செல்லும், குடும்பம் முழுவதும் பயன்படுத்தலாம்.

7. கருவிகள்

நிறைய வாங்காதீர்கள். புவியியலாளர் சுத்தியல் ஒன்று, எஸ்ட்விங் என்றால் 40 டாலர் பக்கம். வீட்டில் ஆணி அடிக்கும் சுத்தியல் வேண்டாம், கல்லில் அடித்தால் உலோகச் சில்லு தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி 10 டாலருக்குள் கிடைக்கும், இதில் சமாதானமே கிடையாது, அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கும் ஒன்று. தடித்த கையுறை, முழங்கால் மெத்தை, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வாளி, பழைய செய்தித்தாள், முட்டை அட்டை. ஒரு தண்ணீர்த் தெளிப்பான் பாட்டிலும் அவசியம்: தூசி படிந்த கல் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இரண்டு முறை தெளித்தால் ஜாஸ்பரின் சிவப்பும் மஞ்சளும் உடனே எழும்பி வரும்.

பிளாஸ்டிக் சீப்பு ஒன்றும் வையுங்கள். சோய்யா (cholla) என்ற கள்ளியின் முள் உருண்டை காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக்கூடாது, கையில் ஏறிவிடும். சீப்பை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே வீச்சில் எறிய வேண்டும்.

8. தண்ணீர், தூசி, உடம்பு

தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் குறைந்தபட்சம். ஒரு நாள் பயணம் என்றாலும் இரண்டு நாளுக்கு எடுத்துப் போங்கள், வண்டி நின்றுபோனால் உதவி வர நேரமாகும். குளிர்காலம்தானே என்று குடிக்காமல் இருப்பார்கள், வறண்ட காற்றில் வியர்வை தெரியாமலே உடம்பு காய்ந்துவிடும். புளிசாதம், சப்பாத்தி எல்லாம் தாராளமாகத் தாங்கும். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் ஒரு பாட்டில் தனியாக இருக்கட்டும். இரவு நல்ல குளிர் அடிக்கும், ஸ்வெட்டர் வேண்டும்.

அடுத்தது வேலி ஃபீவர், பலர் கேள்விப்பட்டதே இல்லாத விஷயம். இந்தப் பாலைவன மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சையின் வித்துகள் தோண்டும்போது தூசியோடு நுரையீரலுக்குள் போகின்றன. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல், இருமல், தீராத அசதி. பெரும்பாலானவர்களுக்குத் தானாகச் சரியாகிவிடும். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத் தீவிரமாகலாம். அவர்கள் தோண்டும் வேலைக்கே போக வேண்டாம், மேலே கிடப்பதைப் பொறுக்கினால் போதும். மற்றவர்கள் என்-95 முகக்கவசம் போட்டு, காற்று தூசியை அடித்துக்கொண்டு வரும் பக்கத்தில் உட்காராமல், முடிந்தால் மண்ணை நனைத்துத் தோண்டுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் "பாலைவனத்தில் மண் தோண்டினேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண நிமோனியா என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

கைவிடப்பட்ட சுரங்கத்துக்குள் தலையைக்கூட நீட்டாதீர்கள். கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கம் இழுத்துப் புரட்டுங்கள், அடியில் பாம்போ தேளோ இருந்தால் அது அந்தப் பக்கமாக ஓடும். வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பாருங்கள், நிழலுக்காகப் பாலைவன ஆமை வந்து படுத்திருக்கும். அது பாதுகாக்கப்பட்ட உயிர், தொடவோ தூக்கவோ கூடாது, அதுவாக நகரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

9. கல் தேடும்போது

அகேட் தேட காலையும் மாலையும்தான் நேரம். தாழ்ந்த சூரியனைப் பார்த்து நடந்தால், ஒளி ஊடுருவும் கற்கள் தரையில் விளக்கு வைத்தது போல மின்னும். முதுகுப் பக்கம் சூரியன் இருந்தால் அதே கல்லை மிதித்துக்கொண்டு போய்விடுவோம். ஜியோடு வேறு கதை. ஹவுஸர் வயல்களில் அது வெளுத்த சாம்பல் மண்ணுக்குள் புதைந்திருக்கும், கரடுமுரடான தோல், உருளைக்கிழங்கு அளவிலிருந்து தேங்காய் அளவு வரை. ஏற்கெனவே தோண்டிய குழிகளின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள், பக்கவாட்டில் அடியில் குடைந்து உள்ளே போகாதீர்கள், மேல்மண் சரிந்தால் ஆளை மூடிவிடும். கிளம்பும் முன் நீங்கள் தோண்டிய குழியை மூட வேண்டும்.

குழுவில் யாரும் தனியாக மேட்டைத் தாண்டிப் போகக்கூடாது. கல்லைப் பார்த்துக்கொண்டே தலைகுனிந்து நடக்கிறவருக்குத் திசை போவது தெரியாது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை வண்டிக்கு வந்து முகம் காட்ட வேண்டும் என்று விதி வையுங்கள். வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இடத்தின் பெயர், வரைபடப் புள்ளி, திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் ஷெரிஃப் அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐபோன் 14 உம் அதற்குப் பிந்தையவையும் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும், குழுவில் ஒருவரிடமாவது அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

அக்டோபரில் கலிபோர்னியாவின் ட்ரோனா ஊரில் வழக்கமாக நடக்கும் ஜெம்-ஓ-ராமா என்ற கல் சேகரிப்பு விழாவைப் புதியவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். சியர்ல்ஸ் ஏரியின் உப்புப் படுகையிலிருந்து இளஞ்சிவப்பு உப்புப் படிகமும் ஹேங்க்ஸைட் என்ற கனிமப் படிகமும் எடுக்கலாம், கட்டணம் கட்டினால் நில உரிமைத் தலைவலியே இல்லை. கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்ற துணியும் செருப்பும் போட்டுப் போங்கள், வண்டியின் அடிப்பாகத்தை அன்றே கழுவுங்கள். அந்தப் படிகங்களை மட்டும் நல்ல தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், கரைந்து போகும். அங்கேயே உப்புநீரில் அலசித் துடைத்துக் கொண்டு வர வேண்டும்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

ஜியோடைச் சுத்தியலால் உடைக்கும் ஆசையை அடக்குங்கள். பத்தில் பல நொறுங்கிப் போகும். கிளப் பட்டறையில் வைரத்தூள் பதித்த ரம்பம் இருக்கும், சிறு கட்டணத்துக்கு அறுத்துத் தருவார்கள் அல்லது அறுக்கக் கற்றுத் தருவார்கள். வீட்டில் உலர்நிலையில் கல்லை அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம், அந்தச் சிலிக்காத் தூசி நுரையீரலுக்கு விஷம். எப்போதும் தண்ணீர் ஓட வேண்டும்.

ஊருக்குக் கொண்டு போகிறவர்கள் செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் எக்ஸ்ரேயில் கட்டி கட்டியாகத் தெரிந்து நிறுத்துவார்கள், சுத்தியலைக் கைப்பையில் கொண்டு போகவே முடியாது.

ஒவ்வொரு கல்லுக்கும் அன்று இரவே ஒரு சீட்டு எழுதுங்கள்: கல்லின் பெயர், எடுத்த இடம், வரைபடப் புள்ளி, தேதி. இடம் தெரியாத கனிம மாதிரியைச் சேகரிப்பாளர்கள் யாரும் மதிக்க மாட்டார்கள், அடுத்த வருடம் உங்களுக்கே எது எங்கே எடுத்தது என்று நினைவிருக்காது. அதே நோட்டில் அன்றைய எடையையும் எழுதிக்கொண்டே வந்தால் ஆண்டுக்கு 250 பவுண்டு கணக்கும் சேர்ந்தே தெரிந்துவிடும், ரேஞ்சர் கேட்டால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம்.